மூன்று வயதுக் கைக்கு ஒரு டிஜிட்டல் வாத்தியம்: முதல் முயற்சி தோற்றது, அடுத்ததற்கு யோசனை வேண்டும்

#1 ஈயப்பற்று

வணக்கம். என் அக்கா அங்கன்வாடிப் பணியாளர். 2 வயது முதல் 5 வயது வரை 18 பிள்ளைகள். பாட்டு உண்டு, கைதட்டல் உண்டு, வாத்தியம் என்று ஒன்றும் கிடையாது. "உனக்குத்தான் சால்டரிங் வருமே, ஏதாவது செஞ்சு குடுடா" என்று அக்கா கேட்டார். இரண்டு மாதம் ராத்திரியில் உட்கார்ந்து ஒன்று செய்தேன். அது தோற்றது. தோற்ற விதத்தை ஒளிக்காமல் எழுதுகிறேன், அப்போதுதான் உங்களால் உதவ முடியும்.

இரண்டடி அட்டைப் பலகையில் 12 செம்பு டேப் பட்டைகள், பியானோ மாதிரி வரிசையாக. பட்டைகள் ஒரு தொடுசில்லுக்கு (கை தொட்டதை உணரும் சிப்) போகும். தொட்டதும் மைக்ரோகன்ட்ரோலர் (நிரல் ஓடும் சிறு சில்லு) ஓர் எம்பி3 மாட்யூலுக்குச் சொல்லும். மெமரி கார்டில் போட்டு வைத்த கீபோர்டு ஒலி ஸ்பீக்கரில் வரும். வீட்டு மேசையில் நான் ஒற்றை விரலால் வாசித்தபோது அருமையாக இருந்தது.

அங்கன்வாடியில் பத்தே நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது. பிள்ளைகள் விரலால் தொடுவதில்லை, உள்ளங்கையால் அறைகிறார்கள். ஓர் அறையில் நான்கு பட்டை மூடுகிறது. மாட்யூல் ஒன்றைத்தான் வாசிக்கும். ஒலியும் தாமதம். அடித்த பிள்ளை ஒன்றும் கேட்காமல் மறுபடி அடிக்கிறது, அதற்குள் முதல் அடியின் ஒலி வருகிறது, பிள்ளை தன் கையைப் பார்க்காமல் ஸ்பீக்கரைப் பார்க்கிறது. சத்துமாவு சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு வந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் தொடாமலே இரண்டு பட்டை பாடிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு பையன் பலகையைக் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினான். டொம் டொம் என்று நல்ல சத்தம். எல்லோரும் அவனோடு சேர்ந்துகொண்டார்கள்.

ஆனால் நான் இதை எழுதுவது இன்னொரு பிள்ளையை நினைத்து. நான்கு வயதுப் பெண். கூட்டம் கலைந்த பிறகு தனியாக வந்து உட்கார்ந்தாள். ஒரு பட்டையைக் கட்டைவிரலால் அழுத்தினாள். ஒலி வந்தது. இன்னும் அழுத்தினாள். அதே ஒலி. நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்தினாள். அதே ஒலிதான். எழுந்து போய்விட்டாள். அவள் என்ன எதிர்பார்த்தாள் என்று எனக்கு நன்றாகப் புரிந்தது. அதைக் கொடுக்க என் வாத்தியத்தில் வழி இல்லை.

கையில் 3000 ரூபாய் இருக்கிறது. எங்கிருந்து மறுபடி தொடங்கலாம்?

#2 ஓம்விதி

தம்பி, பட்டையும் தொடுசில்லும் அப்புறம். முதலில் தாமதம். அது சரியாகாமல் வேறு எதைச் சரிசெய்தாலும் பயனில்லை.

எம்பி3 மாட்யூல் பாட்டுப் போடுவதற்காகச் செய்தது, வாசிப்பதற்காக அல்ல. கட்டளையை வாங்கி, கார்டில் கோப்பைத் தேடி, திறந்து, பிரித்து, அப்புறம்தான் ஒலி. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கணினி இசை ஆய்வாளர்கள் டேவிட் வெஸ்ஸலும் மாத்யூ ரைட்டும் சொன்ன அளவுகோல் இன்றைக்கும் இந்தத் துறையில் எல்லோரும் பிடித்துக்கொள்வது: கை அசைவுக்கும் ஒலிக்கும் இடையில் 10 மில்லிசெகண்டுக்கு மேல் போகக் கூடாது, அந்தத் தாமதமும் ஒரு அடிக்கு ஒன்று என்று மாறிக்கொண்டிருக்கக் கூடாது. ஒலி காற்றில் சுமார் 3.4 மீட்டர் கடக்க ஆகும் நேரம் அது. ஒரே அளவான தாமதத்துக்குக் கை ஓரளவு பழகிவிடும், தாறுமாறான தாமதத்துக்குப் பழகவே பழகாது.

ஆகவே ஒலியை உள்ளேயே உருவாக்குங்கள். ஈஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர் ஒன்று, மேக்ஸ்98357ஏ போல ஒரு ஐ2எஸ் ஆம்ப் (டிஜிட்டல் ஒலியை நேரே வாங்கி ஸ்பீக்கரை ஓட்டும் சில்லு) ஒன்று. 44,100 ஹெர்ட்ஸில் 64 மாதிரி (சாம்பிள், ஒலியின் ஒரு கணத்து அளவு) கொண்ட பஃபர் (ஒலி காத்திருக்கும் நினைவகம்) நான்கு வைத்தால் 256 மாதிரி, அதாவது 5.8 மில்லிசெகண்ட். சென்சார் வாசிக்க 3 மில்லிசெகண்ட் கொடுத்தாலும் பத்துக்குள் அடங்கும். புளூடூத் ஸ்பீக்கர் பக்கமே போகாதீர்கள். அங்கே தாமதம் 100, 200 என்று போகும்.

#3 பூவரசம்பீப்பி

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கேள்விக்குப் பதிலை அந்தப் பையனே சொல்லிவிட்டான், பலகையைக் கவிழ்த்து.

மூன்று வயதுப் பிள்ளைக்கு எதற்கு டிஜிட்டல்? இரண்டு கொட்டாங்குச்சி கொடுங்கள். பனையோலைக் கிலுகிலுப்பை கொடுங்கள். பூவரச இலையைச் சுருட்டி ஊதக் கற்றுக்கொடுங்கள். தாமதம் கிடையாது, பேட்டரி கிடையாது, எப்படி அடித்தாலும் அப்படியே திருப்பிச் சொல்லும். 3000 ரூபாய்க்கு ஒரு பறையும் இரண்டு கஞ்சிராவும் வாங்கிப் போட்டால் பத்து வருடம் ஓடும். நான் இதை மனதார நம்பிச் சொல்கிறேன்.

#4 ஈயப்பற்று

கோபம் இல்லை. கொட்டாங்குச்சி ஏற்கெனவே கொடுத்துவிட்டோம், நீங்கள் சொன்னதுபோலவே நன்றாகப் போகிறது.

டிஜிட்டல் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருக்க ஒரு காரணம் உண்டு. முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும். அங்கே ஒரு பையனுக்குப் பிறவியிலேயே கை கால் இறுக்கம். விரல்கள் மூடியே இருக்கும். கிலுகிலுப்பையைப் பிடித்து ஆட்ட முடியாது, பறையில் அவன் கை பட்டால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. அவனால் முடிவது ஒன்று: முழங்கையை அல்லது மூடிய கையை ஏதாவது ஒன்றின் மேல் வைத்து மெல்ல அமுக்குவது. அந்தச் சின்ன அமுக்கத்துக்கும் பக்கத்துப் பிள்ளையின் பலமான அறைக்கும் ஒரே அளவு ஒலி கிடைக்கும்படி செய்யத் தோலாலும் மரத்தாலும் முடியுமா? எனக்குத் தெரிந்து முடியாது. டிஜிட்டலில் நிரலில் உள்ள ஒரு எண்ணை மாற்றினால் போதும்.

#5 பூவரசம்பீப்பி

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேன். சரி, என் வாதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் தோலையும் மரத்தையும் ஒதுக்காதீர்கள். நீங்கள் செய்தது பியானோ. பியானோ என்பது மேசையில் உட்கார்ந்து ஒற்றை விரலால் கட்டையைத் தொடும் பெரியவருக்கான வடிவம். கோயில் கொடையில் உடுக்கை வாசிப்பவரின் இடது கையைக் கவனித்திருக்கிறீர்களா? உடுக்கையின் இடுப்பில் சுற்றிய கயிற்றை இறுக்கிப் பிடித்தால் தோல் விறைத்துச் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். கும்... ம்... என்று அது பேசுவதே அந்தப் பிடியில்தான். கஞ்சிராவிலும் அப்படித்தான், தோலை ஒரு கையால் அமுக்கி ஒலியை வளைப்பார்கள். பூவரசம் பீப்பியில் உதட்டின் இறுக்கம்.

அந்தப் பெண் பிள்ளை நகம் வெளுக்க அழுத்தியது இதற்காகத்தான். அவளுக்குத் தேவை அழுத்தினால் மாறுகிற ஒன்று. பன்னிரண்டு சுரத்தை விட்டுவிட்டு அதைச் செய்யுங்கள்.

#6 ஓம்விதி

#5 ரொம்பச் சரி. நான் இரண்டு நாளாக யோசித்ததை ஒரு பத்தியில் சொல்லிவிட்டார். அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேபில் டாட் மாக்கோவர் குழு 2002இல் அரங்கேற்றிய டாய் சிம்ஃபனி என்ற இசை நிகழ்ச்சியிலும் பிள்ளைகள் கையில் கொடுத்தவற்றில் ஒன்று, மின்சாரம் கடத்தும் நூலால் தையல் போட்ட, பிசையக்கூடிய துணிப் பந்துதான்.

தொடுசில்லை எடுத்துவிடுங்கள். அதற்குத் தெரிவது கை இருக்கிறதா இல்லையா என்பது மட்டும். தண்ணீரும் அதற்குக் கை மாதிரியேதான் தெரியும். உங்கள் பட்டை தானாகப் பாடியதற்குக் காரணம் அது. அழுத்தத்தை அளக்க வெலோஸ்டாட் போதும். மின்னணுச் சில்லுகளைச் சுற்றிக் காப்பதற்காக வந்த கறுப்பு பிளாஸ்டிக் தாள். அமுக்கினால் மின்தடை குறையும். சென்னைப் பக்கம் என்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டுப் பாருங்கள்.

செய்முறை சப்பாத்திக்குள் மசாலா வைப்பது மாதிரி. கீழே கடத்தும் துணி, நடுவில் வெலோஸ்டாட், மேலே கடத்தும் துணி. இதுதான் ஒரு மெத்தை. நடுத்தாள் எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீட்டர் பெரிதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஓரத்தில் இரண்டு துணியும் உரசி ஷார்ட் ஆகும். மேல் துணிக்கு 3.3 வோல்ட். கீழ்த் துணியிலிருந்து ஒரு கம்பி ஈஎஸ்பி32இன் ஏடிசி முனைக்கு (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் முனை), அங்கிருந்து 10 கிலோ ஓம் தடை ஒன்று கிரவுண்டுக்கு. உள்ளங்கை அகல மெத்தை என்றால் ஓய்விலேயே தடை குறைவாக இருக்கும், 4.7 கிலோ, 2.2 கிலோ என்று மாற்றிப் பாருங்கள். ஈஎஸ்பி32இல் 32 முதல் 39 வரையிலான முனைகளையே எடுங்கள். மற்ற ஏடிசி முனைகள் வைஃபை ஓடும்போது கிடைக்காது. அலுமினியத் தாள் வேண்டாம், மடிந்து மடிந்து கிழியும்.

இப்போது முக்கியமான பகுதி. ஒரு மெத்தையிலிருந்து இரண்டு விஷயம் எடுக்க வேண்டும். ஒன்று, எவ்வளவு வேகமாக இறங்கியது: அழுத்தம் எல்லையைத் தாண்டிய முதல் 3 மில்லிசெகண்டில் எவ்வளவு ஏறியது என்று பாருங்கள், அதுதான் அடியின் பலம். இரண்டு, இறங்கிய பின் எவ்வளவு அமுங்கி இருக்கிறது. முதலாவது ஒலியைத் தொடங்கும், இரண்டாவது அதைத் தொடர்ந்து வளைக்கும். சாதாரண கீபோர்டில் பெரும்பாலும் முதலாவது மட்டும்தான் இருக்கும். மலிவான பொம்மைக் கீபோர்டில் அதுவும் கிடையாது.

வெலோஸ்டாட் எடுத்த கையோடு பழைய நிலைக்குத் திரும்பாது, கொஞ்ச நேரம் அசடாகக் கிடக்கும். ஓய்வு மதிப்பை நிரலில் நிலையான எண்ணாக எழுதாதீர்கள். கை இல்லாத நேரத்தில் மெல்ல மெல்லப் பின்தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

#7 தேனிக்காரி

இதையெல்லாம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் பையனுக்கு நாலு வயசு. ஐயாயிரம் ரூபாய் பொம்மைக் கீபோர்டு ஒன்று வாங்கி வைத்திருக்கோம், டெமோ பட்டனை மட்டும் அமுக்கிட்டு டான்ஸ் ஆடுறான். வாசிக்கவே மாட்டான். ஏன்னு இப்பத்தான் புரியுது.

#8 அந்தரகாந்தாரம்

இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித்தருகிறேன். சுர விஷயத்தில் மட்டும் சொல்கிறேன்.

ஐந்து சுரம் போதும்: ஸ ரி க ப த, மோகன ராகம். மேல் ஸட்ஜம்கூட வேண்டாம். அந்த வயதில் குரல் ஒரு ஸ்தாயி முழுதும் ஏறி இறங்காது. ஸட்ஜத்தை ஒரு கட்டையில் (கீபோர்டின் C) வைத்தால் தைவதம் வரைக்கும் பிள்ளைகள் கூடவே பாட முடியும். பாடம் என்று வந்தால் மாயாமாளவகௌளைதான் முதலில், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது ஆசிரியர் எதிரில் உட்கார்ந்து வரிசையாகப் பாடும் பிள்ளைக்கு. நான்கு பிள்ளை ஒரே நேரத்தில் அமுக்கும்போது ஸவும் சுத்த ரிஷபமும் சேர்ந்து கரகரக்கும். மோகனத்தில் அரைச்சுர இடைவெளியே இல்லை, அதனால்தான் எப்படிச் சேர்ந்தாலும் காது கூசாது. ஜெர்மனியில் கார்ல் ஓர்ஃப்பும் குனில்ட் கீட்மனும் பிள்ளைகளுக்கான சைலஃபோனில் கட்டைகளைக் கழற்றி வைத்து ஐந்து சுரத்தோடு தொடங்கியது இதே காரணத்துக்குத்தான்.

இன்னொன்று. ஒலியை நீங்களே உருவாக்கப் போகிறீர்கள் என்றால் கீபோர்டின் சுரத்தானத்தை எதற்கு நகலெடுக்க வேண்டும்? ஸ 261.6 ஹெர்ட்ஸ் என்றால் கீபோர்டுக் காந்தாரம் 329.6. தம்புராவோடு ஒட்டும் அந்தர காந்தாரம் ஸவின் 5/4 மடங்கு, 327.0. கேட்டால் 2.6 ஹெர்ட்ஸ்தான் வித்தியாசம். ஆனால் ஸட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு காந்தாரத்தை அமுக்கினால் ஒன்றில் ஒலி அலையும், இன்னொன்றில் அப்படியே நிற்கும். நிற்கும் ஒலி எப்படி இருக்கும் என்பதைப் பிள்ளையின் காது அந்த வயதிலேயே கேட்டுவிட வேண்டும் என்பது என் ஆசை. ரி 9/8, ப 3/2.

தைவதத்தில் ஒரு சிக்கல். 5/3 என்று வைத்தால், அதாவது 436.0, காந்தாரத்தோடு அழகாகச் சேரும். ரிஷபத்தோடு சேராது. ரி 294.3. அதன் மூன்றாம் மடங்கு 882.9, தைவதத்தின் இரண்டாம் மடங்கு 872.0. நொடிக்குப் பதினொரு முறை துடிக்கும். 27/16 என்று வைத்தால் 441.4, ரிஷபத்தோடு சேரும், காந்தாரத்தோடு பிணங்கும். ஆர்மோனியத்தில் இதற்குத் தீர்வே கிடையாது.

#9 ஓம்விதி

மேடம், இங்கே தீர்வு உண்டு! ரிஷப மெத்தை அமுங்கியிருக்கிறதா என்று வாத்தியத்துக்குத் தெரியுமே. ரி மட்டும் அமுங்கியிருந்தால் தைவதம் 441.4, மற்ற எல்லா நேரமும் 436. நாலு வரி நிரல்.

ஈயப்பற்றுக்கு ஓர் எச்சரிக்கை. தந்தி மீட்டும் ஒலிக்கு எல்லோரும் எடுப்பது கார்ப்ளஸ்-ஸ்ட்ராங் முறை, 1983இல் வந்தது. ஒரு சுற்று நினைவகம், அதன் நீளம்தான் சுருதி. நீளம் முழு எண்ணாக இருந்தால் 436 ஹெர்ட்ஸுக்கு 101 மாதிரி வரும். ஒரு மாதிரி கூடினால் குறைந்தால் 17 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தள்ளிப் போகும். மேடம் சொன்ன நுட்பம் மொத்தமும் அதிலேயே தொலையும். பின்னத் தாமதம் (முழு எண்ணுக்கு இடைப்பட்ட நீளம்) சேர்த்து எழுதுங்கள்.

#10 தேனிக்காரி

ஒரு சந்தேகம், தப்பா எடுத்துக்காதீங்க. எதை அமுக்கினாலும் நல்லாத்தான் இருக்கும்னா பிள்ளைக்குத் தேடறதுக்கு என்ன மிச்சம் இருக்கு? அரை மணி நேரத்துல அலுத்துடாதா?

#11 அந்தரகாந்தாரம்

நியாயமான கேள்வி அம்மா. சுரத்தில் மட்டும் தேடச் சொன்னால் அலுக்கும்தான். ஆனால் ஒரு சுரத்துக்குள்ளேயே தேட எவ்வளவோ இருக்கிறது. வீணையில் ஒரே மெட்டில் விரலை வைத்துக்கொண்டு தந்தியை இழுத்து அடுத்த சுரத்தைத் தொடுவார்கள். அதற்கு வருடக்கணக்கில் பழக வேண்டியிருக்கிறது. மெத்தையை மெல்லத் தொட்டால் முணுமுணுக்க வேண்டும், அமுக்க அமுக்க வாய் திறக்க வேண்டும், படபடவென்று விரலால் நடுக்கினால் கமகம் மாதிரி அசைய வேண்டும். தப்பு வராது என்பது உள்ளே நுழைவதற்கு. உள்ளே எவ்வளவு தூரம் போகலாம் என்பது கையைப் பொறுத்தது.

#12 விரல்நுனி

சிறப்புக் கல்வியில் இருக்கிறேன். இழையை இப்போதுதான் பார்த்தேன், சில விஷயம் அவசரமாகச் சொல்ல வேண்டும்.

எல்இடி போடாதீர்கள். யாரும் இன்னும் சொல்லவில்லை, ஆனால் செய்கிறவர்கள் கை தானாக அதற்குப் போகும். விளக்கு மினுக்கினால் பிள்ளையின் கண் விளக்குக்குப் போகும், காதும் கையும் பின்னால் போகும். பார்வைக் குறைவுள்ள பிள்ளைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அதற்குப் பதில் ஒவ்வொரு மெத்தைக்கும் ஒவ்வொரு துணி. கார்டுராய், வெல்வெட், சாக்கு, வழவழப்பான சாட்டின், மொசமொசவென்ற டர்க்கி டவல். கண்ணை மூடித் தடவினால் எது ப, எது க என்று கை சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் சில பிள்ளைகளுக்குச் சாக்கு மாதிரிச் சொரசொரப்பு பிடிக்கவே பிடிக்காது, கையை இழுத்துக்கொள்வார்கள். ஆகவே உறை கழற்றி மாற்றும்படி இருக்கட்டும், துவைக்கவும் வசதி. உறைக்கு அடியில் ஒரு மெல்லிய ரெக்ஸின் கொடுங்கள், எச்சிலும் தண்ணீரும் உள்ளே போகாது.

கேட்கும் திறன் குறைந்த பிள்ளை ஒன்றாவது எந்த அங்கன்வாடிக்கும் ஒரு நாள் வரும். ஸ்பீக்கரோடு சேர்த்து, பலகையின் அடியில் ஒரு சர்ஃபேஸ் எக்ஸைட்டரை ஒட்டுங்கள். பலகையே அதிரும். அதிர்வை உணரும் தோலின் நுண்ணுறுப்புகள் மிகக் கூர்மையாக இருப்பது 250 ஹெர்ட்ஸ் சுற்றி. மேடம் சொன்ன ஒரு கட்டை ஸட்ஜம் 261.6 என்று படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஸ்காட்லாந்தின் ஈவ்லின் கிளெனி செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் நின்று தாளவாத்தியம் வாசிப்பவர், அவருக்குக் காது பெரும்பாலும் கேட்காது. தரை வழியாக, உடம்பு வழியாக வாங்குகிறார்.

இறுக்கமுள்ள அந்தப் பையனுக்கு மெத்தையைத் தரையில் வைத்து அவனைக் குனிய வைக்காதீர்கள். அவன் மடியில், அல்லது முழங்கை தானாக எங்கே விழுகிறதோ அங்கே. ஒரு மெத்தையாவது நீளமான வயரோடு பலகையை விட்டு வெளியே எடுக்கும்படி இருக்க வேண்டும். முதல் நாள் அவன் கை எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் எண்ணை மாற்றுங்கள்.

#13 கடைசல்

அம்பாசமுத்திரம் பக்கத்துல கடைசல் பட்டறை வச்சிருக்கோம், சொப்புச் சாமான் செய்யுறது. கரண்டு விசயம் எனக்குத் தெரியாது, மரம் தெரியும்.

பலகைக்கு ஒட்டுப்பலகை போதும், 9 எம்எம்ம விட மெலிசா எடுங்க, அதிரணும்லா. ஓரம் நாலும் நல்லா உருட்டி உப்புத்தாள் போட்டு வழவழன்னு தேய்ச்சிருங்க. பெயிண்டு வேண்டாம், பிள்ளைய வாயில வைக்கும். அரக்கு பூசலாம், நாங்க காலகாலமா அதத்தான் பூசுதோம். சின்னச் சின்னக் குமிழ், பொத்தான் எதையும் தச்சுப் போடாதிய. மூணு வயசுக்குக் கீழ உள்ளதுக்கு 31.7 மில்லிமீட்டர் அகலக் குழாய்க்குள்ள முழுசாப் போற எந்தச் சாமானும் ஆகாதுன்னு சோதனையே இருக்கு. பிறகு காந்தம் வேண்டவே வேண்டாம். ரெண்டு காந்தத்த முழுங்கிட்டா குடலுக்குள்ள ஒண்ண ஒண்ணு இழுத்துக் கவ்விக்கிடும்.

விக்கிறதா இருந்தா ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், 2021 ஜனவரி 1 லேர்ந்து. நீங்க விக்கலன்னாலும் அதுல சொல்லியிருக்கத அப்படியே பண்ணுங்க.

#14 ஓம்விதி

#13க்குச் சேர்த்து: பட்டன் செல் கூடாது, விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும். லித்தியம் செல்லும் இந்த வேலைக்கு வேண்டாம். சார்ஜ் ஏற்றும் ஏஏ நான்கு போட்டால் 4.8 வோல்ட், அது போதும். மூடி திருகாணியோடு. சத்தத்தின் உச்சத்தை நிரலில் மட்டும் கட்டாமல் ஸ்பீக்கர் வயரிலேயே ஒரு தடை போட்டுக் கட்டுங்கள், நிரல் பிசகினாலும் காது பிழைக்கும். தனிநபர் ஒலிக்கருவிகளுக்குப் பிள்ளைகள் விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 40 மணி நேரம், 75 டெசிபல். பிள்ளை குனிந்து காதை வைக்கும் தூரத்தில் அளங்கள், உங்கள் உயரத்தில் நின்று அளக்காதீர்கள்.

#15 ஈயப்பற்று

எல்லோருக்கும் நன்றி. ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், செய்து முடித்துக் கொடுத்துவிட்டேன்.

வட்டமான ஐந்து மெத்தை, ஒவ்வொன்றும் ஒரு சாண் அகலம். ஐந்து துணி. ஆறாவதாக ஒரு தனி மெத்தை, நீள வயரோடு. அதற்குச் சுரமே கிடையாது, உடுக்கை. அமுக்க அமுக்கச் சுருதி ஏறும், விட்டால் கும்மென்று இறங்கும். #5க்காகவே அதைச் செய்தேன்.

முதல் நாள் ஒரு பிழை தெரிந்தது. அமுக்கியிருக்கும் வரை ஒலி நிற்காமல் வரும்படி எழுதியிருந்தேன். ஒரு பிள்ளை சிலேட்டை மெத்தை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டது. பஞ்சமம் பாடிக்கொண்டே இருந்தது. இன்னொன்று மேலேயே ஏறி உட்கார்ந்தது. ஓய்வு மதிப்பைப் புதுப்பிக்கும் நிரல் அந்தக் கனத்தையே ஓய்வு என்று எடுத்துக்கொண்டு, எழுந்த பிறகு கொஞ்ச நேரம் ஊமையாகிவிட்டது. இதை எப்படிச் சரிசெய்வது?

#16 அந்தரகாந்தாரம்

ஆர்மோனியத் துருத்தியை நினைத்துப் பாருங்கள். கட்டையை அமுக்கிக்கொண்டே இருந்தாலும் துருத்தியை அடிக்காவிட்டால் ஒலி அடங்கிவிடும். அமுக்கத்தின் அளவு அல்ல, அமுக்கம் மாறுவதுதான் காற்றாக இருக்க வேண்டும்.

#17 ஓம்விதி

ஆமாம். அழுத்தத்தின் மாற்றத்தை ஒரு தொட்டியில் ஊற்றுங்கள், தொட்டி தானாக நாலு நொடியில் வடியட்டும். தொட்டியின் மட்டம்தான் ஒலியின் அளவு. சிலேட்டு அசையாது, அதனால் அடங்கிவிடும். உயிருள்ள கை ஒருபோதும் முழுதாக அசையாமல் இருக்காது, ஒலி தொடரும். கனம் நெடுநேரம் இருந்தால் ஓய்வு மதிப்பை ஏற்றாதீர்கள், இறங்கும்போது மட்டும் உடனே இறக்குங்கள்.

#18 ஈயப்பற்று

செய்தேன். சிலேட்டு இப்போது நாலு நொடியில் அடங்குகிறது. அதைவிட, பிள்ளைகள் மெத்தையைப் பிசைய ஆரம்பித்துவிட்டார்கள், மாவு பிசைவது மாதிரி. துருத்தி நிரலுக்கு முன்னால் ஒருவரும் பிசையவில்லை.

இறுக்கமுள்ள பையனுக்கு உடுக்கை மெத்தையை மடியில் வைத்தோம். அவனுக்கான எண்ணை மூன்று தடவை மாற்ற வேண்டியிருந்தது. முதலில் கூர்மையைக் கூட்டிவிட்டேன், அவன் மூச்சு விட்டாலே ஒலித்தது, அது அவனுக்குப் பிடிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொஞ்சம் குறைத்து, அவன் வேண்டுமென்று அமுக்கினால் மட்டும் வரும்படி வைத்ததும் சிரித்தான். மற்றப் பிள்ளைகள் தட்டும்போது நடுவில் அவன் கும்மென்று ஒன்று விடுகிறான், எல்லோரும் நிறுத்தி அவனைப் பார்க்கிறார்கள், மறுபடி தட்டுகிறார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நகம் வெளுக்க அழுத்திய பெண்ணுக்கு வெல்வெட் மெத்தை, காந்தாரம். அக்கா சொல்கிறார், அவள் இப்போது அழுத்துவதே இல்லையாம். ஒற்றை விரல் நுனியை வைத்து, ஒலி வருகிறதா வரவில்லையா என்கிற அளவுக்குத் தொட்டு, காதைப் பலகையில் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம். அந்தத் தொடக்க எல்லையை இன்னும் கீழே இறக்க முடியுமா என்று பார்க்கிறேன். ஓம்விதி அண்ணா, 12 பிட்டில் (0 முதல் 4095 வரை) ஓய்வு மதிப்பே 30, 40 என்று ஆடுகிறது.

#19 ஓம்விதி

பதினாறு முறை வாசித்துச் சராசரி எடுங்கள், ஆட்டம் கால்வாசியாகக் குறையும். அடியைக் கண்டுபிடிக்கும் பாதைக்குச் சராசரி வேண்டாம், தாமதம் கூடும். மெல்லிய தொடுகைக்கு மட்டும் தனிப் பாதை. ஏடிசி முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ஒரு 100 நானோ ஃபாரட் கெபாசிட்டரும் போடுங்கள்.

#20 தேனிக்காரி

நானும் ஒண்ணு செய்யப் போறேன், ஒரே ஒரு மெத்தை. சால்டரிங் தெரியாது, தையல் மிஷின் இருக்கு. கடத்தும் துணியைச் சாதா நூலால தைக்கலாமா?

#21 ஈயப்பற்று

தாராளமாக, அக்கா. சாதா நூல்தான் வேண்டும். கடத்தும் நூலால் தைத்தால் மேல் துணியும் கீழ்த் துணியும் ஊசித் துளை வழியாகச் சேர்ந்துவிடும். வயரை மட்டும் துணியின் மூலையில் மடித்து ஐந்தாறு சுற்றுக் கையால் தைத்து, அதிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி உறையோடு இன்னொரு இடத்தில் இறுக்கிக் கட்டிவிடுங்கள். பிள்ளை வயரைப் பிடித்து இழுக்கும்போது அந்தக் கட்டு தாங்கிக்கொள்ளும். நிரலைத் தனிமடலில் அனுப்புகிறேன்.